மாரிக் கடலோரம் நூறு மீற்றர்: திருகோணமலை நாட்குறிப்பு

திருகோணமலைக் கரையைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பது மே முதல் செப்ரெம்பர் வரை. அப்போது கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஹோட்டல்காரர் விடியவே மணலை வாரிவிடுவார்கள், குப்பை கண்ணில் படாது. சர்வதேசக் கரையோரத் துப்புரவு நாளும் செப்ரெம்பர் மூன்றாம் சனிக்கிழமைதான். ஆனால் இந்தக் கரைக்குக் கடல் கொண்டுவந்து சேர்ப்பதெல்லாம் வாடைக்காற்று வீசும் மாரியில்தான் வருகிறது. அந்த நேரத்தில் குப்பையை எண்ணவும் கரையை அளக்கவும் ஆளில்லை. அதற்காகத்தான் ஐந்து தொண்டர்களாக இந்த ஆறு நாள் பயணம்.

ஜனவரி 3, வெள்ளி: நகரம்

காலை ஏழு மணிக்கு பஸ் நிலையத்தில் இறங்கும்போது தூறல். புள்ளிமான்கள் மூன்று, பயணிகளுக்கு நடுவே நின்று யாரோ எறிந்த சோற்றுப் பொதியை நக்கிக்கொண்டிருந்தன. பிரெட்ரிக் கோட்டை மான்கள் நகரத்துக்குள் வருவது இங்கே யாருக்கும் புதினமில்லை. பொதி சுற்றிய தாளையும் சேர்த்தே மெல்லுகின்றன என்பதுதான் பார்க்கச் சகிக்காதது.

சாப்பாட்டுக் கடையில் பத்து இடியப்பம், சொதி, சம்பல், ஒரு பிளேன்ரீ: ஆளுக்கு 280 ரூபாய். நனைந்த பைகளைக் கண்டதும் கடைக்கார ஐயா ஒரு வாங்கை இழுத்துப் போட்டு, "நிலம் ஈரம், பையளை இதில வையுங்கோ தம்பி" என்றார். கேட்காமலே இரண்டாம் தரம் சொதி ஊற்றினார்.

பிறகு என்.சி. வீதி ஹாட்வெயார் கடைகள். கரை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, ஆனால் வாங்குவதில் பிழைவிட்டால் ஆறு நாளும் வீண். அளவு நாடா 100 மீற்றர், ஃபைபர் கிளாஸ் இழையில் செய்தது. இரும்பு நாடா இரண்டு நாளில் துருப்பிடித்து இறுகிவிடும். நைலோன் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளப்பவர்களும் உண்டு, இழுத்தால் கயிறு நீளும், நூறு மீற்றரில் இரண்டு மூன்று மீற்றர் பிசகும். ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றரை மீற்றர் நீளத்தில் ஆறு. 10 மில்லிமீற்றர் கண்ணாடிக் குழாய் 12 மீற்றர், மேசன்மார் மட்டம் பார்க்கிற அதே ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய்தான். வெற்று உரப்பை இருபது, 50 கிலோ தூக்குத் தராசு ஒன்று, தடித்த இறப்பர் கையுறை, மூடியுள்ள 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு (ஊசியும் உடைந்த கண்ணாடியும் போட), கல்லுப்பு நான்கு கிலோ. பென்சில் ஒரு பெட்டி. பேனை ஈரத் தாளில் எழுதாது. எழுதினாலும் மழைத்துளி பட்டால் கரைந்துவிடும்.

கல்லுப்பு கிலோ 180 ரூபாய். "கருவாடு போடவோ?" என்று கடைக்காரர் கேட்டார். பிளாஸ்டிக்கை மிதக்கவிட என்றதும் சிரிக்கவில்லை. எப்படி என்று விவரம் கேட்டார்.

ஜனவரி 4, சனி: உப்புவெளி

திருவெம்பாவைக் காலம். நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. ஆறரைக்குக் கரையில் நிற்கிறோம். வாடை முகத்தில் அறைகிறது, வள்ளங்களெல்லாம் அடம்பன் கொடிக்கு மேலே ஏற்றிக் கவிழ்த்துக் கிடக்கின்றன. கரைவலை இழுப்பு ஒக்ரோபரோடு நின்றுவிட்டது, மீனவர் வாடிகள் பூட்டு.

முதலில் கடலைப் பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இது சடங்கு அல்ல. மாரிக் கடலில் ஏழெட்டுச் சின்ன அலைக்குப் பின் இரண்டு மூன்று பெரிய அலை சேர்ந்து வரும். எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அதற்குக் கீழே ஒருவரும் முதுகைக் காட்டிக் குனியக் கூடாது. அதே நேரம் அலையின் கால இடைவெளியையும் எடுத்துவிடலாம். ஒரு முகடு உடையும்போது நிறுத்தற்கடிகாரத்தைத் தொடங்கி, பதினோராவது முகடு உடையும்போது நிறுத்தி, பத்தால் வகுக்க வேண்டும். இன்று 71 செக்கன், அதாவது 7.1 செக்கனுக்கு ஓர் அலை. பத்து என்று எண்ணத் தொடங்கிப் பத்தாவது முகட்டில் நிறுத்திவிடுவது எல்லோரும் விடுகிற பிழை. அங்கே இருப்பது ஒன்பது இடைவெளிதான்.

அடுத்தது அடையாளக் கம்பம். கைத்தொலைபேசி காட்டும் இடம் நல்ல நாளிலேயே மூன்று முதல் ஐந்து மீற்றர் தள்ளும், மழை மேகத்தில் இன்னும் மோசம். அதை மட்டும் நம்பினால் அடுத்த முறை வேறொரு கரையைத்தான் அளப்போம். அதனால் குழாயை இராவணன் மீசைப் புல்லுக்கும் பின்னால், தாழைக்குப் பக்கத்தில், ஒரு மீற்றர் ஆழத்துக்கு அடிக்கிறோம். (இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு இருக்கிற ஊரில் அந்தப் புல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.) கம்பமும் போய்விடலாம். மாடு உராயும், அலை பிடுங்கும், விறகென்று யாரும் எடுக்கலாம். எனவே அசையாத இரண்டு பொருட்களுக்குத் திசைகாட்டியில் கோணமும் நாடாவில் தூரமும் எடுத்து வைக்கிறோம்: ஒரு மதிலின் மூலை, ஒரு பனை. ஒற்றைப் பனையை மட்டும் குறித்துவைத்துவிட்டு, அது மின்னலில் கருகிப் போன பிறகு கரையைத் தேடி அலைந்த குழுக்கள் உண்டு.

கரையின் சாய்வை அளக்கச் சுலபமான வழியை கடற்புவியியலாளர் கே. ஓ. எமெரி 1961இல் எழுதிவைத்தார். ஒன்றரை மீற்றர்த் தடி இரண்டு, மேல் நுனியைப் பூச்சியமாக வைத்துக் கீழ்நோக்கிச் சென்ரிமீற்றர் கோடுகள், இடையில் இரண்டு மீற்றர் கயிறு. ஒருவர் கரைப்பக்கத் தடியோடு, மற்றவர் கடல்பக்கத் தடியோடு. நிலம் கடலை நோக்கி இறங்கினால், கரைப்பக்கத்தவர் குந்தியிருந்து, கடல்பக்கத் தடியின் நுனியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்வரை கண்ணை ஏற்றி இறக்க வேண்டும். அந்தக் கோடு தன் தடியை வெட்டுகிற இடத்தின் அளவுதான் இறக்கம். நிலம் கடலை நோக்கி ஏறினால் மாறி, தன் தடியின் நுனிக்கு மேலாகத் தொடுவானத்தைப் பார்த்து, எதிர்த் தடியில் வாசிக்க வேண்டும். இறக்கத்துக்குச் சயக் குறி (−), ஏற்றத்துக்குச் சக (+). மணல் திட்டின் பின்பக்கத்தில் குறியை மாற்ற மறந்தால் கடற்கரை மலையாகிவிடும்.

இவ்வளவும் தொடுவானம் தெரிந்தால். இன்று ஏழேகாலுக்கு வடக்கிலிருந்து மழை இறங்கி, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அப்போதுதான் கண்ணாடிக் குழாய். தண்ணீர் நிரப்பி, இரண்டு சொட்டு நீலம் விட்டு, இரு முனைகளையும் இரு தடிகளோடு பிடித்தால் நீர்மட்டம் இரண்டிலும் ஒரே உயரம். நிலத்திலிருந்து இரு பக்கமும் வாசித்துக் கழித்தால் உயர வேறுபாடு வந்துவிடும். முதல் நான்கு வாசிப்பும் ஒவ்வாமல் போயின. மூன்றாவது மீற்றரில் அரிசி மணியளவு காற்றுக் குமிழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் தோளில் போட்டு ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை விரலால் சுண்டிக்கொண்டே நடந்தபோதுதான் அது வெளியே வந்தது. பெருவிரலால் முனையை மூடியபடி வாசித்தாலும் இதே கதை. இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும்.

கடைசியில் கிடைத்தது: கம்பத்திலிருந்து அலை ஏறும் கோடுவரை 16 மீற்றர். போன ஓகஸ்டில் இதே இடத்திலிருந்து 34. நடுவில் 90 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல் செங்குத்தாக வெட்டுண்டு நிற்கிறது. விளிம்பில் நின்றால் உடையும். மேலிருந்து குதிக்காமல் பக்கவாட்டில் சுற்றித்தான் இறங்கினோம்.

கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: "என்ன பிள்ளையள், காணி அளக்கிறியளோ?" கரையில் தடியோடும் நாடாவோடும் நிற்பவர்களைக் கண்டால் இந்த ஊர்ச் சனத்துக்கு வயிறு கலங்கும், அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் அளக்கத் தொடங்க முன்னமே பக்கத்து வாடியில் போய்ச் சொல்லிவிடுவது முறை. அதை இன்று பிந்திச் செய்தோம். தாளைக் காட்டி விளக்கியதும் சொன்னார்: "மண் எங்கயும் போகேல்ல. அந்தா, வெள்ளையா உடையுது பாருங்கோ, அங்க கிடக்கு. சித்திரைக்குள்ள திருப்பிக் கொண்டந்து போடும்."

அவர் காட்டியது கரையிலிருந்து ஐம்பது அறுபது மீற்றர் வெளியே அலை உடைகிற மணற்திட்டு. மாரியின் செங்குத்தான அலை மணலை வெளியே இழுத்து அந்தத் திட்டில் சேர்க்கும், அமைதிக் காலத்தின் நீண்ட தாழ்ந்த அலை மெல்ல மெல்ல உள்ளே தள்ளும். ஆகவே மாரியில் ஒருமுறை மட்டும் அளந்துவிட்டு "கரை 18 மீற்றர் அரித்துப்போயிற்று" என்று எழுதுவது பொய். மாரிக்கு மாரி, கோடைக்குக் கோடை ஒப்பிட்டால்தான் உண்மையான அரிப்புத் தெரியும். பெரியவர் தன் போத்தல் தேத்தண்ணியில் எங்களுக்கும் ஊற்றினார். சீனி கூட, இஞ்சி தாராளம்.

ஜனவரி 5, ஞாயிறு: நிலாவெளி

பயணத்தின் முக்கியமான நாள். மழை இல்லை, காற்று மட்டும். வழியில் ரொட்டியும் கட்டைச் சம்பலும், ஒன்று 70 ரூபாய்.

எண்ணும் முறை இது. கரைக்குச் சமாந்தரமாக 100 மீற்றர் நாடா. அதை ஐந்து ஐந்து மீற்றராக இருபது கீலமாக நினைத்துக்கொண்டு, இருபது சீட்டு எழுதிக் குலுக்கி நான்கை எடுக்க வேண்டும். கண்ணால் பார்த்து "இது நல்ல இடம்" என்று தெரிவுசெய்யக் கூடாது. மனிதக் கண் குப்பை குவிந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும். இன்று விழுந்தவை 3, 8, 9, 17. எட்டாம் கீலம் ஏறக்குறைய வெறும் மணல். வெறுமை என்றால் பூச்சியம் என்று எழுத வேண்டும், வேறு சீட்டு எடுக்கக் கூடாது. எங்களில் புதிதாக வந்த பிள்ளைக்கு அது மனம் ஒப்பவில்லை. பக்கத்துப் பத்தாம் கீலத்தில் வலை ஒன்று மலைபோல் கிடந்தது. அதைக் குறிப்புப் பகுதியில் படத்தோடு எழுதலாம், எண்ணிக்கையில் சேர்க்க முடியாது.

ஒவ்வொரு கீலத்திலும் நீர் விளிம்பிலிருந்து செடி தொடங்கும் இடம்வரை, ஒன்றரை மீற்றர் இடைவெளியில் நேர்கோடாக நடந்து, இரண்டரை சென்ரிமீற்றருக்குக் குறையாத எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அளவுகோல் ஒரு போத்தல் மூடி. கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடலிலிருந்து கண்ணைக் கூசும், ஆகவே கடலிலிருந்து கரைப்பக்கமாகவே நடக்கிறோம். திரும்பி வரும்போது எண்ணுவதில்லை, ஒரே பொருள் இரண்டு தரம் விழும்.

ஒருவர் எண்ணி உரக்கச் சொல்ல, மற்றவர் எழுதித் திருப்பிச் சொல்வார். "நீல மூடி ஒன்று." "நீல மூடி ஒன்று, எழுதியாச்சு." காற்றில் பாதி வார்த்தை பறந்துவிடும் என்பதால் இந்தத் திருப்பிச் சொல்லலை விடவே கூடாது. உடைந்த துண்டுகள் ஒரே பொருளுடையவை என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒன்று, தெரியாவிட்டால் ஒவ்வொன்றும் தனி. ரெஜிபோம் பெட்டி ஒன்று நூற்றுக்கணக்கில் பொடிந்து கிடந்தால், இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேற்பட்டவை மட்டும் எண்ணி, "ஒரே பெட்டியாக இருக்கலாம்" என்று குறிப்பு.

மூன்றாம் கீலத்தில் 63 பொருட்கள். அங்கே கரை 18 மீற்றர் அகலம், 5 × 18 = 90 சதுர மீற்றர், ஆக சதுர மீற்றருக்கு 0.7. இந்த வகுத்தலுக்காகவே ஒவ்வொரு கீலத்தின் அகலத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். மாரியில் கரை ஒடுங்குவதால், அகலத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகும்.

எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். பொதியிலுள்ள பட்டைக் கோட்டின் (பார்கோட்) முதல் மூன்று இலக்கம் ஓரளவு சொல்லும்: 479 இலங்கை, 890 இந்தியா, 885 தாய்லாந்து, 899 இந்தோனேசியா, 955 மலேசியா, 894 பங்களாதேஷ், 883 மியன்மார். அந்த எண் நிறுவனம் பதிவுசெய்த நாட்டைக் காட்டுமே தவிர, பொருள் செய்யப்பட்ட நாட்டையோ எறியப்பட்ட இடத்தையோ காட்டாது. கப்பலில் வாங்கியதைக் கப்பலிலிருந்தே எறிந்திருக்கலாம். எனவே இன்னொரு சாட்சி வேண்டும்.

ஒன்பதாம் கீலத்தில் அந்தச் சாட்சி கிடைத்தது. வெள்ளைப் போத்தல், ஒன்றரை லீற்றர், எழுத்து வெளுத்துப்போய் 885 மட்டும் தெரிகிறது. ஒரு பக்கம் முழுக்கக் காம்புள்ள கொட்டலசுகள். சாம்பல்நீல ஓடு, இறப்பர் போன்ற கறுப்புக் காம்பு, சில இன்னமும் வாயைத் திறந்து இறகு போன்ற கால்களை நீட்டிச் சுருக்குகின்றன. இவை நடுக்கடலில் மிதக்கிற பொருட்களில்தான் ஒட்டி வளரும். ஓடு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வந்திருந்தால் அந்தப் போத்தல் கிழமைக்கணக்கில் மிதந்து வந்திருக்கிறது. கொட்டலசு உயிரோடிருந்தால் போத்தல் கரையேறியது நேற்றோ இன்றோ. பெரிய ஓடு ஐந்தை அளந்து எழுதினோம். பக்கத்திலேயே ஒரு யோகட் கோப்பை, 479, கொட்டலசு இல்லை, கீறல்கூட இல்லை. அது இந்தக் கரையிலிருந்தோ, மழை வெள்ளத்தோடு பக்கத்து வாய்க்காலிலிருந்தோ வந்தது. இரண்டையும் "பிளாஸ்டிக்" என்று ஒரே கோட்டில் போட்டால் யாரிடம் போய் என்ன கேட்பது?

வருடக் கடைசியில் வங்காள விரிகுடாவின் மேற்கோர நீரோட்டம் தெற்கு நோக்கி இறங்கும். இந்தியக் கரையின் ஆற்று வெள்ளம் சுமந்ததெல்லாம் அதோடு வரும். வாடை அதைக் கரைக்குத் தள்ளும். செருப்பு, மருந்துப் போத்தல், வலை மிதவை, மூங்கில். நம்முடைய பங்கும் சின்னதல்ல. 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட ஷாம்பூ மாதிரிச் சின்னப் பக்கற்றுகள் இலங்கையில் 2021 மார்ச் 31இலிருந்து தடை. இன்று எடுத்தவற்றில் தயாரிப்புத் திகதி வாசிக்க முடிந்ததையெல்லாம் அப்படியே எழுதினோம். தடைக்குப் பிந்திய திகதியுள்ள 479 பக்கற் ஒன்று, நூறு துப்புரவுப் படத்தைவிடப் பேசும்.

ரியூப் லைற் மின்குமிழ் இரண்டு முழுசாக வந்து கிடந்தன. உள்ளே பாதரச ஆவி, உடைக்காமல் துணியில் சுற்றித் தனியாக. கடற்பாம்பு ஒன்று அரை உயிரோடு, வால் துடுப்புப்போல் தட்டை. கடிக்கத் தெம்பில்லாததுபோல் கிடக்கும், நம்பக் கூடாது. தள்ளி நின்று படம் எடுத்து விட்டோம். பாசியையும் கடற்புல்லையும் குப்பையென்று யாரும் வாரக் கூடாது, நண்டுக்கும் பறவைக்கும் அதுதான் மாரிச் சாப்பாடு. மணலைப் பிடித்துவைப்பதும் அதுவே.

எண்ணி முடித்த பிறகுதான் பொறுக்கல். பொறுக்குவதா விடுவதா என்பதை முதல் நாளே தீர்மானித்து மாற்றாமல் இருக்க வேண்டும். விட்டுவிட்டு எண்ணினால் கரையில் கிடப்பது எவ்வளவு என்று தெரியும், பொறுக்கிவிட்டு 28 நாளில் திரும்பி எண்ணினால் புதிதாக வருவது எவ்வளவு என்று தெரியும். இங்கே இரண்டாவது முறை. பத்து மணியளவில் பக்கத்து விடுதிப் பையன்கள் இருவர் நல்ல மனதோடு வாரியோடு வந்து, எண்ணாத பதினேழாம் கீலத்தைக் கூட்டத் தொடங்கிவிட்டார்கள். ஓடிப்போய் மறிப்பதற்குள் மூன்று மீற்றர் போய்விட்டது. அந்தக் கீலம் இந்த முறை செல்லாது என்று கோடு போட்டோம். பிறகு அவர்களே பை பிடித்து நிறுக்க உதவினார்கள். பையை உதறி, பத்து நிமிடம் தொங்கவிட்டு, நீர் வடிந்த பிறகே தராசு: மொத்தம் 41 கிலோ. ஈர மணலோடு நிறுத்தால் அரைவாசி மணலின் பாரம்.

மத்தியானம் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாவல் மீன் குழம்பு: 650 ரூபாய். கடல் அடிப்பதால் மீன் விலை ஏறிவிட்டது என்று கடைக்கார அம்மா வருத்தப்பட்டு, மீன் துண்டு சின்னதாகப் போனதற்காக ஒரு முட்டை பொரித்து வைத்தார்.

ஜனவரி 6, திங்கள்: மழை

விடிய முதல் கொட்டுகிறது. கரைக்குப் போகவில்லை. வாடகை வீட்டு விறாந்தையில் நேற்றைய மணல்.

நேற்று உயர்நீர்க் கோட்டில் அரை மீற்றர்ச் சதுரச் சட்டம் வைத்து ஐந்து சென்ரிமீற்றர் ஆழம் அள்ளினோம். அது 12.5 லீற்றர், ஈரத்தோடு 20 கிலோவுக்கு மேல். ஐந்து சட்டம் என்றால் நூறு கிலோ, யார் சுமப்பது? அதனால் அங்கேயே 5 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்து, விழுந்ததைக் கலந்து ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு லீற்றர் மட்டும் எடுத்து வந்தோம். ஈர மணல் சின்னக் கண் அரிதட்டில் விழாது, அடைத்துக்கொண்டு நிற்கும். வாளித் தண்ணீர் ஊற்றி அரிக்க வேண்டும்.

உப்புக் கரைசல்: பத்து லீற்றர் தண்ணீருக்கு மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் கல்லுப்பு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும்வரை. அடர்த்தி ஏறத்தாழ 1.2. பொலித்தீனும் பொலிப்புரப்பிலீனும் (0.9 சொச்சம்) மிதக்கும், பொலிஸ்ரைரீனும் (1.05) மிதக்கும். தண்ணீர்ப் போத்தல் செய்கிற பெற் பிளாஸ்டிக் (1.38) தாழும். ஆகவே இந்த முறையில் கிடைப்பது முழு எண்ணிக்கை அல்ல, அதையும் படிவத்தில் எழுத வேண்டும். கல்லுப்பிலேயே நூலும் தூசும் இருக்கும். முதலில் கரைசலை அடர்ந்த துணியில் வடித்து, மணல் போடாமல் ஒரு கிண்ணம் வெறும் கரைசலையும் அதே போல வடித்து எண்ண வேண்டும். இன்று அந்த வெறும் கிண்ணத்தில் நான்கு நூல். மூன்று சிவப்பு. எங்களில் ஒருவரின் சிவப்புக் கம்பளிச் சட்டை! அவரைப் பருத்திச் சட்டைக்கு மாற்றிவிட்டுத் திரும்பத் தொடங்கினோம்.

மணலைக் கரைசலில் போட்டு இரண்டு நிமிடம் கிண்டி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடித்து, வெள்ளைத் தட்டில் ஒட்டுக்கண்ணாடியால் பார்ப்பது. மூன்று தரம். பிளாஸ்டிக்கா சிப்பித் துண்டா என்று ஐமிச்சம் வந்தால் சூடான ஊசி முனை: பிளாஸ்டிக் உருகிச் சுருளும், சிப்பி அசையாது. 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொட்டிய பிளாஸ்டிக் குறுணிகளைப் பார்த்த பிறகு, பருப்பு மாதிரி எந்த வெள்ளை மணியைக் கண்டாலும் நெஞ்சு திக்கென்கிறது. இன்று இரண்டு. பழுத்து மஞ்சளாகியிருந்தன, வந்த இடம் சொல்ல முடியாது.

வீட்டுக்கார அம்மா பதினொரு மணிக்கு மல்லி அவித்த தண்ணீரும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் தட்டைக் குனிந்து பார்த்தார். "இதெல்லாம் மீன் தின்னுமோ பிள்ளை?" தின்னும் என்றோம். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

ஜனவரி 7, செவ்வாய்: குச்சவெளி

பஸ்ஸில் வடக்கே. இறக்கக்கண்டிப் பாலத்தில் களப்பு நிறைந்து, செம்மண் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுகிறது. முகத்துவாரத்தை நடந்து கடக்கலாம் என்று யாரும் இந்த மாதத்தில் நினைக்கக் கூடாது. நேற்று முழங்கால், இன்று கழுத்து.

குச்சவெளிக் கரையில் கறுப்புப் பட்டை பட்டையாக மணல். பார்த்ததும் எண்ணெய் என்று அலறி முறைப்பாடு போகிறவர்கள் ஒவ்வொரு மாரியும் உண்டு. வெள்ளைத் தாளில் நசித்துப் பார்த்தால் போதும். எண்ணெய் மண்ணிறக் கறை வைக்கும், இது உதறினால் போய்விடும். வலுவான காந்தத்தில் சில துகள் ஒட்டும். இல்மனைற் போன்ற பாரக் கனிமம் இது, வடக்கே புல்மோட்டையில் வெட்டி எடுப்பது இதைத்தான். சாதாரண மணலின் அடர்த்தி 2.65, இதற்கு 4.7 அளவில். மாரி அலை இலேசானதை இழுத்துக்கொண்டுபோக, பாரமானது பின்தங்கும். உண்மையான தார் உருண்டையும் இரண்டு கிடைத்தன, புளியங்கொட்டை அளவு. கையில் ஒட்டினால் மண்ணெண்ணெய் வேண்டாம், தேங்காயெண்ணெய் தேய்த்தால் போகும்.

பத்து மணிக்கு ஓர் ஆமை. செத்து, வீங்கத் தொடங்கியிருந்தது. முதலில் காற்று வரும் பக்கத்தில் நின்று நான்கு பக்கமும் படம். ஓட்டின் நடுவரிசைக்கு இருபுறமும் உள்ள தகடுகளை எண்ணுகிறோம்: இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஏழு. நான்கு நான்கு என்றால் பேராமையோ அழுங்காமையோ. ஐந்துக்கு மேல், அதுவும் இருபுறமும் ஒவ்வாமல் வந்தால் பங்குனி ஆமை. துணி நாடாவை ஓட்டின் வளைவோடு வைத்து, கழுத்துப்பக்கப் பள்ளத்திலிருந்து வால்பக்க நுனிவரை 64 சென்ரிமீற்றர். நிறம் மாறிய முன்துடுப்பில் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலைத் துண்டு இறுகி, தோலுக்குள் வெட்டியிருந்தது. கண்ணைச் சுற்றி மணல் ஒட்டிக் காய்ந்திருந்தது. வலையின் கண்ணை இழுத்துப் பிடித்து முடிச்சிலிருந்து முடிச்சுக்கு அளந்தோம், 9 சென்ரிமீற்றர். "வலையால் செத்தது" என்று எழுதவில்லை. "வலைத் துண்டு இடது முன்துடுப்பில்" என்றுதான் எழுத வேண்டும். காரணத்தை உடற்கூற்றுப் பரிசோதனை செய்பவர் சொல்லட்டும்.

ஓட்டையோ எலும்பையோ ஞாபகத்துக்கு என்று எடுக்கக் கூடாது. வனசீவராசிகள் சட்டப்படி ஆமையின் எந்தப் பாகத்தையும் வைத்திருப்பது குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னோம். இன்னொரு குழு நாளை இதையே புதிய ஆமையென்று எண்ணாதிருக்க, ஓட்டில் வெள்ளைப் பூச்சால் ஒரு கோடு.

திரும்பும்போது மழை பிடித்து, வீதியோர வீடொன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். "உள்ள வாங்க மகன், நனையாதீங்க" என்று வீட்டு உம்மா கதிரை போட்டார். கிண்ணியாவிலிருந்து வந்த எருமைத் தயிர், சட்டியைச் சரித்தாலும் அசையாத கட்டி, பாணியோடு. காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார்.

ஜனவரி 8, புதன்: உப்புவெளி, மறுபடி

காலையில் தொடுவானம் சுத்தமாகத் தெரிந்தது. சனியன்று குழாயில் அளந்த அதே கோட்டை இன்று தடியாலும் கண்ணாலும் அளந்தோம். 16 மீற்றர்த் தூரத்தில் மொத்த இறக்கம் இரண்டு முறைக்கும் 5 சென்ரிமீற்றர் வித்தியாசம். நான்கு நாள் அலையையும் சேர்த்துப் பார்த்தால் ஏற்கத் தக்கது. மணல் வெட்டு இன்னும் அரை மீற்றர் உள்ளே வந்திருக்கிறது.

தாள்களை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊரிலேயே இருக்கும் தொண்டரிடம் விட்டாயிற்று. நாடாவை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்துச் சுற்றினோம். உப்போடு சுற்றினால் அடுத்த முறை எழுத்து உரிந்து வரும். வலை பொத்தும் பெரியவர் கம்பத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மாடு கட்ட யாரும் எடுக்காமல் அதன் தலையில் சிவப்புத் துணியும் அவரே கட்டினார்.

நிலாவெளியில் அடுத்த எண்ணிக்கை பெப்ரவரி 2, ஞாயிறு, காலை ஆறரை. விடுதிப் பையன்களுக்கும் சொல்லியிருக்கிறது, பதினேழாம் கீலத்தை அவர்கள்தான் எண்ணப் போகிறார்கள்.